கழித்துவைத்த இருபத்து நான்கு

அந்தச் சீமாற்றை இப்படிக் கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை, கொடுங்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் சீமாறு, கம்பியைப் பிடிக்க உங்களுக்கு மூன்றாவது கை வேண்டுமே. உக்கடத்தில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், முன்னால் நிற்கிற அம்மாவின் கொண்டையில் இரண்டு முறை இடித்துவிட்டது. அவர் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை பார்ப்பார்.

எதுவரை? பொள்ளாச்சியா? பொள்ளாச்சிக்கா தென்னஞ்சீமாறு வாங்கிக்கொண்டு போகிறீர்கள்? கொல்லன் தெருவுக்கே ஊசி கொண்டுபோகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இப்படிப் பேசுகிறவன் இல்லை. முப்பத்து மூன்று வருடமாக இந்த வழியில் போய்வருகிறேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் பேசியது மொத்தம் நான்கு முறை. அதில் இரண்டு முறை, "கொஞ்சம் தள்ளிக்கங்க". ஒரு முறை, "மணி என்னங்க?" நான்காவது, ஒருவர் என் தோளில் தூங்கிவிட்டார், அவரை எழுப்பினேன். நீங்கள் ஐந்தாவது. இன்றைக்கு என்னால் வாயை மூட முடியவில்லை. கிணத்துக்கடவில் இறங்கிவிடுவேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சென்னியப்பன். ஒரு பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் உதவியாளர். என்ன வேலை என்று கேட்டால், உடைக்கிற வேலை. ஏன் சிரிக்கிறீர்கள், உண்மையாகத்தான். இழுத்து உடைப்பது, அழுத்தி உடைப்பது, வளைத்து உடைப்பது. அதற்கென்று ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் இருக்கிறது. என்ன எடை வைத்தால் எது உடையும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன், இதுவரை பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது துண்டுகள் உடைத்திருக்கிறேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது. எந்தத் துண்டு, என்ன தேதி, எங்கே விரிசல் விட்டது எல்லாம். ஒன்றுகூட விட்டுப்போனதில்லை.

எங்கள் கூடத்தில் நஸீமா பானு என்று ஒரு பெண், தாராபுரத்துக்காரி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஆறு வருடமாகிறது. என்னை அண்ணா என்பாள், நான் அம்மணி என்பேன். எங்களுக்குள் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் இருக்காது. அவளும் என்னைப் போலத்தான், வாயைத் திறக்கமாட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று சொல்கிறேன். கரிநார் என்று ஒன்று இருக்கிறது, தலைமுடியைவிட மெல்லியது. அதைப் பிசினில் தோய்த்து, பதினாறு அடுக்கு அடுக்கி, சூட்டில் வைத்து அழுத்தினால் கருகருவென்று ஒரு தகடு வரும். தூக்கினால் அட்டை மாதிரி இருக்கும். விமான இறக்கையெல்லாம் இப்போது அதில்தான். இழுத்துப் பார்த்தால் இரும்பு அதனிடம் தோற்றுப்போகும். அழுத்தினால்தான் வம்பு. அதிலும் போல்ட் போட ஒரு ஓட்டை போட்டுவிட்டால் பெரிய வம்பு.

இதோ, உங்கள் சீமாற்றிலேயே காட்டுகிறேன். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் என்னாகும்? ஒன்றும் ஆகாது. யானை இழுத்தாலும் ஈர்க்கு தாங்கும். அதையே தரையில் நட்டமாக நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். நடுவில் பிதுங்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மடங்கிப்போகும். நாரும் அப்படித்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு நார் சாயும். அது பக்கத்து நாரைச் சாய்க்கும். அது அடுத்ததை. பந்தியில் ஒருவர் எழுந்தால் வரிசையே எழுந்திருக்குமே, அது போல. பிறகு டப்பென்று ஒரு சத்தம், முடிந்தது.

அந்த டப் எத்தனை எடையில் வரும் என்று, உடைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதுதான் நஸீமாவின் ஆராய்ச்சி. கம்ப்யூட்டருக்குள் அதே துண்டை, அதே ஓட்டையோடு, லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து, அழுத்திப் பார்ப்பாள். ஒரு தடவை ஓட்ட பதினோரு மணி நேரம்.

"சாதகம் பாக்கற மாதிரிங்களா அம்மணி?" என்று கேட்டேன்.

"சாதகம் தப்புனா சோசியர் எதாச்சும் காரணம் சொல்லிக்குவாருங்ண்ணா. இது தப்புனா எனக்கு டிகிரி வராது" என்றாள்.

ஈச்சனாரி வந்துவிட்டது. பக்கத்தில் இடம் காலி, உட்காருங்கள். இல்லை, இல்லை, சீமாறு என்னிடமே இருக்கட்டும். கையில் ஏதாவது இருந்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது. கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கட்டியவன் சரியில்லை.

எங்கே விட்டேன்? ஆமாம், டிகிரி. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டித்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் புரொபசர் தேவசகாயம் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கறாரான மனிதர். கம்ப்யூட்டர் சொன்னதற்கும் மெஷின் சொன்னதற்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆறு தகடு செய்தோம். நான்தான் அறுத்தேன், நான்தான் ஓட்டை போட்டேன், ஓட்டைக்கு ஆறு மில்லிமீட்டர். "தகட்டுக்கு எட்டுத் துண்டு குடுங்கண்ணா" என்றாள். எட்டுக் கொடுத்தேன். ஆறெட்டு நாற்பத்தெட்டு.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். உடைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சொன்ன எண்ணை அவள் மெஷினின் தூணில் சாக்பீஸால் எழுதுவாள். உடைந்த பிறகு உண்மையான எண்ணை நான் அதன்கீழே எழுதுவேன். கிலோ நியூட்டன் என்று ஒரு கணக்கு. ஒன்று என்றால் ஏறக்குறைய நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முப்பத்தொன்று புள்ளி நான்கு என்று எழுதினாள். முதல் துண்டை அழுத்தினேன். முப்பத்தைந்து தாண்டித்தான் உடைந்தது!

எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? நான் அறுத்த துண்டு கம்ப்யூட்டரைத் தோற்கடித்துவிட்டது. இரண்டாவதும் முப்பத்தைந்து. மூன்றாவது முப்பத்தாறு. நாற்பத்தெட்டையும் எட்டு வாரத்தில் உடைத்தோம், ஒன்றுகூடக் கம்ப்யூட்டர் சொன்ன எடையில் உடையவில்லை. எல்லாம் தாண்டித் தாண்டி நின்றன. சராசரி முப்பத்தைந்து புள்ளி இரண்டு. நான் ஒரு நாள் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போனேன், ஆளுக்கொன்று. நஸீமா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"பன்னண்டு சதவீதங்ண்ணா" என்றாள். "பன்னண்டு சதவீதம் தப்பு."

"தப்பு எங்கிருக்குதுங்க? கூடத்தானே நிக்குது?"

பரீட்சையில் கேட்ட மதிப்பெண்ணுக்கு மேலேயே வாங்கியிருக்கிறது, இந்தப் பெண் ஏன் அழுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு இரவெல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். பிசினா, அடுக்கா, கட்டமா? எதை மாற்றினாலும் முப்பத்திரண்டைத் தொடவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஏன் என் கையையே பார்க்கிறீர்கள்? சந்தோஷத்தில் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

போன வெள்ளிக்கிழமை. புரொபசர் வந்தார். தூணில் இருந்த எண்களைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா, அந்த ரெண்டு டிகிரிய ஒண்ணரையாக்கிப் போட்டா?"

"ஒத்துப்போகும் சார்."

"போட்டுடேன். யார் கேக்கப்போறா?"

எனக்கு இந்த டிகிரி எந்த டிகிரி என்று புரியவில்லை. எட்டு வாரமாக அவர்கள் வாயில் அடிபடுகிற சொல், எல்லாம் இங்கிலீஷில். நான் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அளந்தது ரெண்டு சார். நாலாயிரம் எடத்துல அளந்தேன். ஒண்ணரைன்னு எப்படி எழுதறது? நாளைக்கு யாராச்சும் இத நம்பி எறக்கை செஞ்சா, நாம சொன்னதுக்கு முன்னாடியே ஒடியும். அதுல ஆளுங்க போவாங்க சார்."

"அப்ப கையெழுத்து?"

"போடாதீங்க சார்."

ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண்! ஆறு வருட உழைப்பு, ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறாள், போடாதீங்க சார் என்கிறாள். புரொபசர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எதுவும் புரியாமல் எண்ணெய்க் குப்பியோடு நிற்கிறேன். என்னைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத் தோன்றியதோ என்னவோ, மூலையில் இருந்த சீமாற்றை எடுத்தாள்.

இதே மாதிரி சீமாறுதான். அதனால்தான் உங்களுடையதைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது.

"இங்க பாருங்கண்ணா. குச்சியெல்லாம் நேரா இருந்தா அழுத்தறப்ப நல்லாத் தாங்கும். நடுவுல நாலு குச்சி லேசா வளஞ்சிருந்தா, அந்த எடத்துலதான் மொதல்ல சாயும். நம்ம தகட்டுலயும் நார் அங்கங்க நெளிஞ்சிருக்கும். எத்தன நெளிவுன்னு ஓரம், நடு, எல்லா எடத்துலயும் மைக்ராஸ்கோப்புல அளந்தேன். ரெண்டு டிகிரி. அதத்தான் கம்ப்யூட்டருக்குக் குடுத்திருக்கேன். ஆனா நீங்க ஒடைக்கற துண்டு அவ்வளவு நெளிவே இல்லாத மாதிரி நிக்குது. ஏன்னு தெரியல."

ஐயா, என் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி கீழே விழுந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேளுங்கள். ஒரு தகட்டில் பன்னிரண்டு துண்டு வரும். அவள் கேட்டது எட்டு. நான் என்ன செய்வேன்? பன்னிரண்டையும் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். நார் நேராக ஓடினால் வெளிச்சம் ஒரே கோடாக வழுக்கிக்கொண்டு போகும். நெளிந்திருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தடுமாறும். அப்படித் தடுமாறிய நான்கைக் கழித்துவிட்டு, நல்ல எட்டைக் கொடுப்பேன். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? விருந்துக்கு வந்தவருக்குக் கிழிந்த இலையா போடுவோம்? அந்தப் பெண் ஆறு வருடம் பாடுபட்டிருக்கிறது, அதற்குப் போய் நெளிந்த துண்டைக் கொடுப்பேனா?

கம்ப்யூட்டர் தப்பே சொல்லவில்லை. அது முழுத் தகட்டுக்கும் சொன்னது. நான்தான் கிழிந்த இலையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, பந்தி பிரமாதம் என்று தேங்காய் பன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

கூடத்தைவிட்டு வெளியே போனேன். கேன்டீனைச் சுற்றி நடந்தேன், மூன்று சுற்று, அறுநூற்று நாற்பத்திரண்டு தப்படி. முப்பத்து மூன்று வருடத்தில் சென்னியப்பன் தப்புச் செய்தான் என்று ஒருவர் சொன்னதில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது சுற்றில், அவள் "போடாதீங்க சார்" என்றது காதில் கேட்டது. பிறகு நடக்கவில்லை, ஓடினேன்.

என் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதை எடுத்துக்கொண்டுபோய் அவள் மேசைமேல் வைத்தேன்.

"என்னதுங்ண்ணா?"

"மீதி நாலு அம்மணி. தகட்டுக்கு நாலு. இருவத்தி நாலு."

அவள் மூடியைத் திறந்தாள். நான் எதையும் எழுதிவைக்காமல் விடுகிறவன் இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு துண்டிலும் டேப் ஒட்டி எழுதியிருந்தேன். 'மூன்றாம் தகடு, ஏழாம் துண்டு, நெளிவு, ஓட்டைக்கு வலது.' 'ஐந்தாம் தகடு, பதினொன்று, நெளிவு அதிகம், ஓட்டைக்கு இடது, மிக அசிங்கம்.' இப்படி இருபத்து நான்கு.

புரொபசர் எட்டிப் பார்த்தார். "சென்னி, என்னய்யா இது?"

"கழிச்சதுங்க சார். பாக்க நல்லா இல்லைன்னு."

"நான் உன்ன அழகுப்போட்டி நடத்தச் சொன்னேனா?"

தலையைக் குனிந்துகொண்டேன். நஸீமா ஒவ்வொரு டேப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள். பதினான்காவதைப் படிக்கும்போது ஒரு மாதிரி சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறாள். நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "மிக அசிங்கம், மிக அசிங்கம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று எனக்குத் தெரியாது. புரொபசர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பைத்தியங்களா, மெஷினப் போடுங்க" என்றார்.

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாள். இருபத்து மூன்று துண்டு உடைத்தோம். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்து நான்கரை. பொலபொலவென்று கீழே வந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் நாங்கள் கை தட்டுகிறோம். உடைவதற்குக் கை தட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

கடைசித் துண்டு இன்று காலையில். ஐந்தாம் தகடு, பதினொன்று. அந்த மிக அசிங்கம். அதை மட்டும் அவள் தனியாக எடுத்து, அதன் நெளிவை மட்டும் அளந்து, கம்ப்யூட்டரில் நேற்று மாலையிலிருந்து ஓட்டியிருந்தாள். தூணில் எழுதினாள்: 'இருபத்திரண்டு புள்ளி ஆறு. இடது பக்கம் தொடங்கும்.' எண்ணை மட்டுமில்லை, இடத்தையும் எழுதிவிட்டாள். அவ்வளவு தைரியம்.

அழுத்தினேன். பதினெட்டு. இருபது. இருபத்தொன்று. சிட், சிட் என்று உள்ளே சின்னச் சத்தம். புரொபசர் மூச்சுவிடவில்லை. இருபத்திரண்டு. இருபத்திரண்டரை. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் எண்ணை யார் பார்ப்பது?

டப்!

இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. ஓட்டைக்கு இடது பக்கம், ஆள் வைத்து வரைந்த மாதிரி ஒரு மடிப்பு.

எழுபத்திரண்டுக்கும் சேர்த்துச் சராசரி போட்டாள். முப்பத்திரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கம்ப்யூட்டர் சொன்னது முப்பத்தொன்று புள்ளி நான்கு. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை! நான் குதித்தேனாம். எனக்கு நினைவில்லை. நஸீமா இரண்டு முறை என்கிறாள், புரொபசர் மூன்று என்கிறார். என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

புரொபசர் அங்கேயே, மெஷின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஏம்மா, நான் அன்னிக்கு ஒண்ணு சொன்னேன், மறந்துடு" என்றார். அவள், "எதுங்க சார்?" என்றாள். நல்ல பெண்.

அப்புறம் என்னிடம் வந்தாள். "அண்ணா, உங்க எட்டும் நாலும் தனித்தனியா, அப்படியே எழுதப்போறேன். பொறுக்கி எடுத்தா எவ்வளவு ஏமாறுவோம்னு காட்டறதுக்கு. உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

வருத்தமா! ஆறாவது அத்தியாயம், இருபது பக்கமாவது வருமாம். என் தப்புக்கு என்று ஒரு தனி அத்தியாயம்! தப்பே செய்யாமல் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன், ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை.

நான் அவளிடம் சொல்லிவிட்டேன். "இனிமே பொறுக்கமாட்டேன் அம்மணி. கோணலோ நேரோ, வந்தது வந்தபடி குடுப்பேன்." சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். இனி இந்தக் கை ஒன்றையும் கழிக்காது.

என்ன? என்ன காட்டுகிறீர்கள்? என் மடியிலா?

ஐயையோ.

இதெல்லாம் எப்போது உருவினேன்? ஏன் நீங்கள் சொல்லவில்லை? நான் பேசிக்கொண்டிருந்ததாலா? பாருங்கள், ஒன்றுவிடாமல் எல்லாம் வளைந்த குச்சி. நுனியை ஒரே பக்கம் பார்க்க வேறு அடுக்கியிருக்கிறேன். கட்டியவன் சரியில்லை என்று அவன்மேல் பழியும் போட்டேனே. பதினேழு. உங்களிடம் சொல்வதற்கு முன்பே கை எண்ணிவிட்டது, பதினேழு.

இல்லை, இல்லை, "வளஞ்ச குச்சிதானே, போகட்டும்" என்று நீங்கள் சொல்லக்கூடாது. இத்தனை நேரம் என்ன கேட்டீர்கள்? இந்தப் பதினேழும் இல்லாமல் கொண்டுபோனால் உங்கள் வீட்டம்மா பெருக்குவது வேறு சீமாறு. நீங்கள் வாங்கியது இல்லை. கட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள், நான் திரும்பச் செருகிவிடுகிறேன். ஒன்று. இரண்டு. இது நெளிவு, நுனியில். மூன்று. நான்கு.

கிணத்துக்கடவுதான், கேட்கிறது. "பெரியவரே, எறங்கறீங்களா, சீமாறு கட்டறீங்களா?" என்கிறார் கண்டக்டர். வருகிறேன், வருகிறேன். பதினொன்று, பன்னிரண்டு. அந்தக் கொண்டைக்கார அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டார், நான் சொன்னேன் அல்லவா? பதினைந்து. பதினாறு.

பதினாறுதான் இருக்கிறது.

விசில் அடிக்கட்டும். பஸ் எங்கேயும் போய்விடாது. நீங்கள் கொஞ்சம் எழுந்திருங்கள், உங்களுக்கு அடியில் ஒன்று இருக்கும்.